கால் குறைத்த கட்டில்

இதையெல்லாம் நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. பீரோவில் மேலிருந்து இரண்டாவது பூச்சு நீலமா பச்சையா, கட்டிலின் கால்களை அறுத்தது மழைக்கு முன்பா பின்பா, எல்லாம் கலங்கிக் கிடக்கின்றன. கணவர் இறந்த அடுத்த வாரம் நான் ஒரு வாக்கியம் சொன்னதாக அத்தை சொன்னார். அப்படிச் சொன்ன ஞாபகமே எனக்கு இல்லை. ஆனால் அத்தை பொய் பேசுகிறவர் அல்ல. அதனால் சொன்னேன் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அத்தை என்று நான் சொல்வது என் மாமியாரை. நாங்கள் குடியிருந்தது ஒரு வாடகை வீட்டின் மாடி. ஒரு ஹால், சமையலறை, எங்கள் படுக்கையறை, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. என் கணவர் தையல் மெஷின் பழுது பார்ப்பவர். சின்ன அறை முழுக்க அவருடைய மெஷின்களும் சக்கரங்களும் எண்ணெய் டப்பாக்களும்தான். அத்தை ஒன்பது வருடமாக ஹாலில் படுத்தார். காலையில் மெத்தையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் செருகிவிட்டால் அவர் அங்கே தூங்கிய தடயமே இருக்காது. அதற்கு முன்பு மைத்துனர்களும் ஓரகத்திகளும் நிறைந்த வீட்டில், சமையலறையில் படுத்திருக்கிறார். பிறந்த வீட்டில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரே அறை. அறுபத்து நாலு வயது வரை அவர் உள்ளிருந்து தாழ் போட்ட கதவு குளியலறைக் கதவு ஒன்றுதான்.

கணவர் போன பத்தாவது மாதம், அவருடைய கூட்டாளி வந்து மெஷின்களையெல்லாம் எடுத்துப் போனார். சின்ன அறை காலியானது. அதே வாரம் கொழுந்தனார் போன் செய்தார்.

"அண்ணி, மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து அம்மாவக் கூட்டிட்டுப் போறேன். எத்தனை நாள்தான் நீங்களே பாத்துப்பீங்க?"

நல்ல மனிதர். அக்கறையில்தான் கேட்டார். நான் போனை அத்தையிடம் நீட்டினேன். அத்தை கேட்டுவிட்டு, "சரிப்பா" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். கீரை ஆய உட்கார்ந்துவிட்டார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். என்னால் சட்டென்று எதுவும் பேச முடிந்ததில்லை. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போடுவது என் வேலை. நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிரித்த புத்தகத்தின் தாள்கள் நூல் இருக்கும்வரைதான் சேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் இருவரையும் சேர்த்துத் தைத்த நூல் என் கணவர். அவர் போன பிறகு, பெற்ற மகன் கூப்பிடும்போது, மருமகள் எந்த உரிமையில் தடுப்பது?

ஆனால் சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே அத்தையின் இருமல் கேட்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றிரவு நான் படித்த பக்கம் எதுவும் மனதில் ஏறவில்லை. அவருக்கு ஒரு அறை செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அறை பேசட்டும்.

கையில் இருந்த பணத்துக்குப் புதிய கட்டிலின் ஒரு காலைக்கூட வாங்க முடியாது. அதனால் பழைய சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரரை அந்தத் தெருவே டாக்டர் என்றுதான் அழைக்கும். எந்தச் சாமானையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் விலை சொல்வார்.

"இந்த பீரோவப் பாருங்கம்மா. மேல பெயின்ட்டாப் பூசி அசிங்கம் பண்ணி வச்சிருக்காங்க. உள்ள உயிர் இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"எக்ஸ்ரேயா எடுப்பாங்க? தட்டுங்க. செத்த மரம் பதில் சொல்லாது."

தட்டினேன். ஏதோ பதில் வந்ததுபோலத்தான் இருந்தது. பீரோவையும் ஒரு ஒற்றைக் கட்டிலையும் வாங்கினேன். இரண்டும் ஆஸ்பத்திரி வெள்ளையில், தோல் உரிந்து, பரிதாபமாக இருந்தன. வண்டியில் வந்து இறங்கியபோது வீட்டு ஓனரம்மா கீழே வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன வேணா பண்ணிக்கோங்க. செவுத்துல மட்டும் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. பெயின்ட்டும் மாத்தக் கூடாது. செவுரு என்னுது."

"மரம் என்னுது" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அது அன்றைய ஆறாவது வார்த்தையோ ஏழாவதோ.

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று இல்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்திக்கு அறை இருக்கிறது. அப்படியானால் இன்னொரு அறை யாருக்கு? இது ஒரு கணக்கா?

மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தேன். பெயின்ட் உரிக்கும் திரவத்தைத் தடவினால், கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பூச்சு பாலேடு போலச் சுருங்கி எழுந்தது. சுரண்டினால் அடியில் நீலம், அதற்கும் அடியில் பச்சை, பிறகு காவி. இரண்டாவது நாள் அத்தை மாடிப்படி ஏறி வந்தார். கையில் சமையலறையின் தேய்ந்த இரும்புக் கரண்டி. என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஏம்மா, இப்படிக் குத்துற? அதுக்குத் தோல உரிக்கிறோம். கொலையா பண்றோம்?"

எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரண்டியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பூச்சு சுருள் சுருளாக வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்தார். மூட்டு வலியோடு பதினெட்டுப் படி. நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்திலும் தனியாக உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருப்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு கதவு முடிந்திருக்கும். எனக்காக இவ்வளவா என்று நினைப்பேன். பிறகு, இல்லை, தனக்கென்று ஆசையாகச் செய்கிறார், தங்கப் போகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்படுவேன். இரண்டாவது தவறு.

பீரோவின் முன்கதவில் கடைசிக் காவியும் போனபோது மரம் சாம்பல் பூத்து, செத்ததுபோல இருந்தது. டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். தூசியைத் துடைக்க அத்தை ஈரத்துணியை எடுத்து மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தார்.

துணி போன வழியெல்லாம் ரேகைகள் எழுந்தன. தேன் நிறத்தில் தொடங்கி, நடுவில் ஒரு கண்ணைச் சுற்றிக்கொண்டு, ஆறு பாறையைச் சுற்றி ஓடுவதுபோல ஓடின. அத்தை துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். நானும் நின்றேன். ஈரம் காயக் காய ரேகைகள் உள்ளே போய் மறைந்தன. அத்தை மறுபடி துடைத்தார். மறுபடி வந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. பக்கத்து மாடியில் துணி எடுத்தவர்கள் எடுத்து முடித்துக் கீழே போய்விட்டிருந்தார்கள்.

"இத்தனை நாளா இது உள்ளயேதான் இருந்துச்சா?" என்றார் அத்தை, மிக மெதுவாக.

"ம்."

"யாரும் பாக்கலையா?"

"பூசினவங்க பாத்திருப்பாங்க."

"பாத்துட்டுமா பூசினாங்க?" என்றார்.

பீரோவின் மேல்பலகை ஒரு பக்கம் உப்பிக்கொண்டிருந்தது. பசை தடவி, என் தடித்த அகராதிகளை மேலே அடுக்கி இரண்டு நாள் விட்டேன். புத்தகத்துக்குச் செய்வதும் அதுதான். அத்தை பார்த்துச் சிரித்தார். "நீ படிச்சது போதாதுன்னு மரத்துக்கும் படிக்கக் குடுத்துட்டியா?"

கட்டில் மிக உயரம். அத்தை உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது, மூட்டுக்கு ஆகாது. நான்கு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்தேன்.

"எதுக்குக் கால அறுக்குற? வர்றவங்க குள்ளமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "உங்க உயரம்தான் இருப்பாங்க, அத்தை."

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுப் பார்த்தார். "அப்ப கோட்ட இன்னும் ரெண்டு விரக்கடை மேல போடு. பாவம், கால் தொங்கினா மரத்துப் போகும்."

அவர் சொன்ன இடத்தில் புதுக் கோடு போட்டேன். நான் அறுத்தேன். ஆடாமல் அவர் பிடித்துக்கொண்டார்.

சுவரில் நிறம் கூடாது என்பதால் பீரோவின் உட்புறத்துக்கு நிறம் அடிக்கலாம் என்று தோன்றியது. "என்ன கலர் அடிக்கலாம்?" என்று கேட்டேன்.

"என்னை ஏன் கேக்குற? வர்றவங்களுக்குப் பிடிச்சதா அடி."

"உங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க."

அவர் கேள்வியே புரியாதவர்போல என் முகத்தைப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய்விட்டார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்று, அங்கிருந்தே குரல் வந்தது. "மஞ்சள். எலுமிச்சம்பழம் இருக்குல்ல, அது."

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வார்னிஷ் காய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காலையிலேயே எல்லாவற்றையும் அறைக்குள் வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் பீரோவின் மேல் விழுந்ததும், அந்த வெள்ளை அறை முழுக்கத் தேன் நிறம் ஏறியது. பீரோவைத் திறந்தால் மஞ்சள் பளீரென்று அடித்தது. பழைய சேலை ஒன்றைத் தைத்துத் திரை போட்டிருந்தேன்; ஆணி வேண்டாம் என்று ஜன்னல் கம்பியிலேயே கட்டினேன். வாசலில் நின்று பார்த்தேன். நாங்கள் இருவரும் செய்ததா இது என்று நம்ப முடியவில்லை.

பதினோரு மணிக்குக் கொழுந்தனார் வந்தார். நான் டீ போட்டேன். திரும்பிப் பார்த்தால் அத்தை தன் துணிப்பையோடு ஹாலில் நிற்கிறார். சோபாவுக்குப் பின்னால் இருந்த மெத்தை கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கையில் இருந்த வீட்டுச் சாவியை மேசையில் வைத்தார்.

"ரூம் நல்லா வந்திருக்கு. குடி வர்றவங்ககிட்ட பீரோவுல ஈரத்துணி படாமப் பாத்துக்கச் சொல்லு. எப்ப வர்றாங்க?"

"யாரு?"

"ரூமுக்கு வர்றவங்க."

"யாரும் வரல அத்தை."

"நீதானேம்மா சொன்ன. அவன் போன அடுத்த வாரம். அழுதுக்கிட்டே சொன்ன. 'இனிமே அந்த ரூம வாடகைக்கு விட்டுத்தான் ஓட்டணும்'னு. தப்பில்லம்மா. அதான் கூட மாட ஒத்தாசையா இருந்தேன். ஒனக்கும் ஒரு வருமானம் வேணும்ல?"

என் கையில் டீத் தட்டு இருந்தது. நான் அதைக் கீழே வைத்தேனா, கொழுந்தனார் வாங்கிக்கொண்டாரா, தெரியவில்லை. தன்னை வெளியே அனுப்பத்தான் அறை தயாராகிறது என்று நினைத்துக்கொண்டு, இந்த மனுஷி இருபத்தைந்து நாள் அதைத் தேய்த்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவரின் கால் மரத்துப்போகக் கூடாது என்று கட்டிலை அளந்து கொடுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. நான் என் வாழ்நாளில் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒருவரைச் சந்தித்ததில்லை. அவர் ஒன்பது வருடமாக என் ஹாலில் படுத்திருந்தார்.

அப்போது பேசாவிட்டால் பிறகு பேசுவதற்கு ஆளே இருக்காது என்று தெரிந்தும் நாக்கு எழவில்லை. கொழுந்தனார் குனிந்து பையைத் தூக்கினார்.

"அத உங்க ரூம்ல வைங்க" என்றேன். வைக்கச் சொன்னது கொழுந்தனாரிடம், 'உங்க' என்றது அத்தையை; குழறிவிட்டது. "அத்தை, அது உங்க ரூம். உங்களுக்காகத்தான் செஞ்சேன். போகாதீங்க. எனக்கு... போகாதீங்க."

அத்தை சிரித்தார். "எனக்கு எதுக்கும்மா ரூம்?"

"உங்க உயரத்துக்குத்தான் கால அறுத்தேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் அறையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். மகன் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தை அதை எடுத்துக்கொண்டு, கிளம்புவதற்காகப் போட்டிருந்த செருப்பைக் கோயிலுக்குள் நுழைவதுபோலக் கழற்றிவிட்டு, உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ் போடும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம். மறுபடி போடும் சத்தம்.

நானும் கொழுந்தனாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரம் போயிற்று. உள்ளே பீரோ திறந்தது, மூடியது, திறந்தது.

"என்ன அண்ணி பண்றாங்க?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது டீயையும் குடித்தார். கடைசியில் கதவு ஒரு சாண் அளவு திறந்தது. அத்தையின் முகம் தெரிந்தது. அழுது கழுவிய முகம்.

"நீ கெளம்புடா. நான் வரல. அடுத்த தடவ வந்தா கதவத் தட்டிட்டு வா."

அத்தை அந்த அறையில் ஆறு வருடம் இருந்தார். அங்கேயே, அந்தக் கட்டிலில், தூக்கத்தில் போனார். கொழுந்தனார் மாதம் ஒருமுறை வந்தார். ஒருமுறைகூடத் தட்டாமல் உள்ளே போனதில்லை. டாக்டருக்குக் கண் மங்கியது. கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டார், தட்டிப் பார்க்க மட்டும் வருகிறார். ஓனரம்மா வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். சுவரில் ஆணி அடிக்கவே இல்லை. நான் இப்போது வேறொரு வாடகை வீட்டில், ஒற்றை அறையில் இருக்கிறேன். பீரோவும் கட்டிலும் என்னோடு வந்தன. கட்டில் எனக்குத் தாழ்வு. உட்கார்ந்தால் முழங்கால் மேலே வருகிறது.