நேர்க்கோட்டைத் தேடிய சோனார்

மலேசியாவின் ஸ்கூடாயில் ரூபேந்திரனின் தூண்டில் கடைக்குள் நுழைந்த ஷர்மைன், ஷிப்டு முடிந்த கையோடு நேரே வந்திருந்தாள். கழுத்தில் வேலையிடத்து அட்டை, காலில் இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து. பின்னால் அவள் கணவன் பிரையன். பல் பிடுங்கக் கூட்டிவந்த பிள்ளை மாதிரி வாசலோடு நின்றுகொண்டான்.

"இருக்கறதுலயே நல்ல சோனார் எது பாஸ்?" என்றாள்.

ரூபேந்திரன் அவளைப் பார்க்கவில்லை. பிரையனைப் பார்த்தான், அடையாளம் தெரிந்ததும் சட்டென்று கண்ணைத் திருப்பி, கண்ணாடிப் பெட்டிமேல் இல்லாத தூசியைத் துடைத்தான். ஜோகூரில் ஏரியிலும் குளத்திலும் மீன் பிடிக்கிற எல்லாருக்கும் பிரையனைத் தெரியும். தெரியாதவர்களுக்கும் அந்த வீடியோ போய்ச் சேர்ந்திருந்தது.

போன வருஷம் குளுவாங் பக்கத்து ஏரியில் நடந்த பீகாக் பாஸ் மீன்பிடிப் போட்டியில் பிரையனின் மீன்தான் எல்லாவற்றையும்விடக் கனமாக இருந்தது. மூன்று கிலோவுக்கு மேல். கைதட்டல் ஓய்வதற்குள் அவனோடு ஒரே படகில் வந்த வாலண்டைன், சிரித்துக்கொண்டே போட்டித் தலைவரிடம் சொன்னான்: "எதுக்கும் வயித்த அறுத்துப் பாருங்க அண்ணே." நாலைந்து போன்கள் வீடியோ எடுக்க, அறுத்தார்கள். மூன்று ஈயக்குண்டு வந்தது. பிரையனை இரண்டு வருஷத்துக்கு விலக்கிவைத்தார்கள். இரண்டாவதாக இருந்த வாலண்டைன் முதல் ஆனான். பரிசாக வந்த புது எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான்.

வாலண்டைன் யாரோ எவனோ அல்ல. பிரையனுக்குப் பதினைந்து வருஷத்துச் சிநேகிதன். பிரையன், ஷர்மைன் இருவரின் மகள் நிக்கோலுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அன்று படகில் அந்த மீனைப் பிடித்துவைத்திருந்த கைகள் நாலு, இரண்டு பிரையனுடையவை. மீதி இரண்டு யாருடையவை என்று ஷர்மைனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சொல்லி நம்பவைக்கத்தான் வழியில்லாமல் போயிற்று.

அதற்கப்புறம் பாசிர் கூடாங் தொழிற்சாலை பஸ்ஸில் பிரையனுக்கு 'ஈயம்' என்று பெயர் வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு மழையானாலும் மோட்டார்சைக்கிளில் போக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி வரிசைக்கு நகர்ந்தான். சோறு சாப்பிடும்போதுகூடத் தலை நிமிர்வதில்லை. அதைத் தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் ஷர்மைன். ஒரு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாலண்டைன் பேரை எவராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாள். தன் கோபத்தை அவள் மறைக்கவும் இல்லை.

"இதுதான் இப்போ எல்லாரும் வாங்கறது," என்று ரூபேந்திரன் ஒரு திரையைத் திருப்பினான். "லைவ் சோனார். படகு முன்னுக்கு மீன் நீந்தறது அப்படியே தெரியும். நீங்க போடற தூண்டிலத் துரத்திட்டு வரதுகூடத் தெரியும். இத வாங்கினா மீன் தப்பிக்கவே முடியாது, சிஸ்டர்."

"மீன் தெரியணும்னு இல்ல."

ரூபேந்திரன் கையில் பிடித்த துணியோடு நின்றான். இருபது வருஷமாக மீன் காட்டும் கருவி விற்பவனிடம் எவரும் அப்படிச் சொன்னதில்லை.

"அடியில கிடக்கற பொருள் தெரியணும். கட்டை, கல்லு, இரும்பு. படகு ஓடிட்டே இருக்கணும், ரெண்டு பக்கமும் பார்த்துட்டே போகணும். இது திருப்பின பக்கம் மட்டுந்தானே காட்டும்?"

"அப்ப சைட் ஸ்கேன்தான்," என்றான். இப்போது அவளைப் பார்த்துப் பேசினான். "ஆனா அது படிக்கறது கஷ்டம். முக்காவாசி பேரு வாங்கிட்டு, ஒண்ணும் புரியலன்னு திரும்பக் கொண்டு வராங்க."

மூன்று கருவிகளில் மாதிரிப் பதிவுகளை ஓடவிட்டான். பழுப்பு நிறத்தில் ஏரியின் தரை விரிந்துகொண்டே போனது. கெட்டியான பொருள் வெளிச்சமாகவும், அதன் பின்னால் நிழல் கருப்பாகவும் விழுந்தது. முதல் திரையில் எல்லாம் கரைந்த சர்க்கரை மாதிரி இருந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது பன்னிரண்டு அங்குலத் திரை. அதிர்வெண் அதிகம், விலையும் அதிகம். அதில் ஷர்மைன் விரலை வைத்தாள்.

"இது சைக்கிள். பின்சக்கரம் இல்ல."

ரூபேந்திரன் குனிந்து பார்த்தான். "எனக்கே இத்தனை நாளா இது மரக்கிளைதான்."

"நிழலப் பாருங்க. கிளைக்கு இவ்ளோ வட்டமா நிழல் விழாது."

அவள் வேலையே அதுதான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கில், பெல்ட்டில் போகிற பெட்டிகளை எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டிருப்பவள். அரிசிக்குள் கத்தி, பொம்மைக்குள் பாட்டரி. பதினோரு வருஷத்தில் கண் பழகிவிட்டது. இயற்கையில் வளர்ந்த எதற்கும் நேர்க்கோடு கிடையாது. நேர்க்கோடு தெரிந்தால் அங்கே மனிதக் கை இருக்கிறது.

"படம் எடுத்தா தேதி, நேரம், இடம் மூணும் பதிவாகுமா?"

"எல்லாம் மெமரி கார்டுல நிக்கும்."

விலை பன்னிரண்டாயிரம் வெள்ளி. நாலு வருஷத்து போனஸ். அவள் யோசிக்காமல் வங்கி அட்டையைத் தேய்த்தாள். பிரையன்தான் முதல்முறையாக வாய்திறந்தான். "வேணாம் ஷர்மைன். எல்லாரும் மறந்துட்டாங்க."

"நான் மறக்கல."

காரில் போகும்போது அவள் போனை அவன் மடியில் போட்டாள். வாலண்டைன் இரண்டு வருஷமாகப் பேஸ்புக்கில் போட்ட வெற்றிப் படங்கள். பிரையனோடு போன அந்த ஒரு போட்டியைத் தவிர, அவன் வழக்கமாகக் குளுவாங் ஏரியின் கிழக்குக் கைக்கு, கிழக்கே நீளும் கிளைக்கு, தனியாகப் போவான். முக்கால் மணி நேரத்தில் கோப்பை ஜெயிக்கிற மீனோடு வருவான். நல்ல ராசிக்காரன் என்று ஊர் பேசிக்கொண்டது.

"மீன் மூக்கைப் பெருசு பண்ணிப் பாரு," என்றாள்.

பிரையன் பார்த்தான். மூக்கில் தோல் உரிந்திருந்தது. வால் ஓரம் நைந்துபோயிருந்தது. அடுத்த படத்திலும் அப்படி. அதற்கடுத்ததிலும். கம்பி வலையில் நாள்கணக்கில் முட்டிக்கொண்டிருந்த மீனுக்குத்தான் அப்படி ஆகும்.

"கூண்டு," என்றான். அந்தச் சொல்லைச் சொன்ன குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. "முன்னாடியே பிடிச்சு, தண்ணிக்கு அடியில கூண்டுல போட்டு வச்சிடறான். அன்னிக்குப் போயி எடுத்துட்டு வரான்."

"அந்தக் கூண்டுதான் எனக்கு வேணும்."

மசாயில் இருந்த அவர்கள் வீட்டுப் பக்கவாட்டில் கான்வாஸ் மூடிக் கிடந்த படகை இரண்டு பேருமாகக் கழுவினார்கள். ஒரு வருஷமாக அதைத் தொடாதவன், சோனாரின் உணர்கருவியைப் படகின் பின்பலகையில் இரவல் டிரில்லால் பொருத்தும்போது விசிலடித்தான். தான் விசிலடிப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான். அதைக் கேட்ட ஷர்மைனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒரு மனுஷன் தன் சந்தோஷத்துக்கே வெட்கப்படும்படி ஆக்கிவிட்டானே அந்தப் பாவி என்று நினைத்தாள்.

போட்டி ஞாயிறு. சனிக்கிழமை ஏரியை மூடிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை இருவரும் லீவு போட்டுவிட்டுப் போனார்கள். பையில் அவள் ஒரு சிறிய டப்பா வைத்திருந்தாள். போன வருஷம் மேசையில் போட்டுவிட்டுப்போன அதே மூன்று ஈயக்குண்டுகள். அன்று அவள்தான் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கூண்டு கிடைத்தால் அந்த ஈயத்தை அவன் மீனுக்குள்ளேயே தள்ளிவிடுவது என்று முடிவு. போட்டிக் குழு இந்த வருஷம் ஈயத்துக்குப் பயந்து கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டர் வாங்கியிருந்தது. மாட்டினால் வாலண்டைன் வாயைத் திறக்க முடியாது. நான் போடவில்லை என்று சொல்ல, மீன் எங்கே இருந்தது என்றும் சொல்லவேண்டி வரும்.

கிழக்குக் கையில் பிரையன் படகை மெதுவாக, வயல் உழுவதுபோல் மேலும் கீழுமாக ஓட்டினான். ஷர்மைன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செத்த மரங்கள், பாறை, மூழ்கிப்போன பழைய ரப்பர்த் தோட்டத்து வேர்க்கட்டைகள். ஒரு மணி நேரம் போனது. இரண்டு போனது. கழுத்து வலித்தது.

"நிறுத்து."

வலப்பக்கம், பதினெட்டு மீட்டர் தள்ளி, ஒரு மரத்தடிக்கும் பாறைக்கும் நடுவில். நாலு நேர்க்கோடு, நாலு மூலை. நிழலில் கட்டம் கட்டமாக வலை. உள்ளே அரிசி போட்ட மாதிரி வெள்ளைக் கீற்றுகள் நாலு. ஆழம் பதினாலு அடி. அவள் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். பிறகு போன் வீடியோவையும் ஓடவிட்டாள்.

மரத்தில் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே பச்சைக் கயிறு கட்டியிருந்தது. பிரையன் இழுத்தான். கூண்டு மேலே வந்தது. நாலு பீகாக் பாஸ், மஞ்சள் உடம்பும் கருப்புப் பட்டையுமாக, மூக்கு உரிந்துபோய். அதில் ஒன்று யானைக்குட்டி. எது மேசைக்குப் போகும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஷர்மைன் டப்பாவைத் திறந்தாள்.

"ஈயத்துல பேரு எழுதியிருக்காது," என்றான் பிரையன். மீனை ஈரத்துணியால் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்காமலேயே பேசினான். "அதான் என்னைக் கொன்னுச்சு. யாரு போட்டான்னு அது சொல்லல. இவனுக்கும் சொல்லாது. ரெண்டு பேருமே திருடங்கன்னுதான் ஊரு பேசும். என் பேரு அப்படியேதான் கிடக்கும்."

அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. வாலண்டைனை அழிக்கவேண்டும் என்ற வேகத்தில், பிரையனை மீட்கவேண்டும் என்பதை எங்கேயோ விட்டுவிட்டிருந்தாள். பேர் எழுதியது ஏதாவது வேண்டும். பேரும் தேதியும்.

கைப்பையின் சில்லறைப் பகுதிக்குள் கையை விட்டாள். அங்கே ஒரு வருஷமாக ஒரு வெள்ளி மெடல் கிடந்தது. பத்து சென் காசு அளவு. முன்னால் புனித அந்தோணியார். பின்னால் நிக்கோலின் பேரும் ஞானஸ்நானத் தேதியும். வாலண்டைன் தன் கையால் குழந்தை கழுத்தில் போட்டது. அந்தப் போட்டி முடிந்த அன்றே ஷர்மைன் அதைக் கழற்றிவிட்டாள். தூக்கிப்போடவும் மனம் வரவில்லை. மெடலைக் கேமராவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் காட்டினாள். நீண்ட மூக்குக் குறட்டால் பிடித்து, பெரிய மீனின் வாய்க்குள் ஆழத் தள்ளினாள். மீன் விழுங்கியது. வலைக் கதவைக் கட்டி, கூண்டைக் கிடந்த இடத்திலேயே இறக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்துக்கு அடியில் நல்ல கூட்டம். பிரையனைப் பார்த்ததும் சிலர் நகர்ந்தார்கள், ஒருவன் 'ஈயம்' என்று இருமினான். ஷர்மைன் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கிற நாள் அவளுக்கு அதுதான்.

வாலண்டைன் வழக்கம்போல் சீக்கிரமே கரைக்கு வந்தான். தராசு மூன்று கிலோ நானூறு காட்டியது. கைதட்டல். போட்டித் தலைவர் ஐயாசாமி டிடெக்டரை மீன்மேல் தடவினார். அது கிய்யென்று கத்தியது.

வாலண்டைன் முகம் வெளிறியது. "தூண்டில் முள்ளு முழுங்கியிருக்கும் லா," என்றான்.

"எதுக்கும் வயித்த அறுத்துப் பாருங்க அண்ணே," என்றாள் ஷர்மைன்.

போன வருஷம் அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் அந்த வார்த்தை நினைவிருந்தது. வாலண்டைனுக்கும் இருந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

ஐயாசாமி அறுத்தார். விரலால் துழாவி எடுத்துத் தண்ணீரில் கழுவி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். எதிரில் மைக் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டார். அவர் படித்தது ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. "நிக்கோல். மே பன்னண்டு, ரெண்டாயிரத்துப் பத்தொம்பது."

"என் பொண்ணு," என்றாள் ஷர்மைன். "அந்த மெடல வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நான் இந்த மீன் வாயில போட்டேன். அப்ப இந்த மீனு பதினாலடி ஆழத்துல, கூண்டுல இருந்துச்சு. இன்னிக்குக் காலையில இவரு தூண்டில் போட்டுப் பிடிச்சிருக்காரு."

போனை நீட்டினாள். சோனார் படம், தேதி, இடம், கயிறு, மெடல், மீன். ஐயாசாமி இரண்டு தரம் பார்த்தார். ஒரு படகை அனுப்பினார். அரை மணியில் கூண்டு மேசைக்கு வந்துவிட்டது, மீதி மூன்று மீனோடு.

எல்லார் கண்ணும் கூண்டிலிருந்து வாலண்டைனுக்கும், அவனிடமிருந்து பிரையனுக்கும் போனது. இருமியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாலண்டைன் அவள் பக்கத்தில் வந்தான். "ஷர்மைன், நான் நிக்கோலுக்கு ஞானத்தகப்பன். என்னைப் போயி இத்தனை பேரு முன்னால."

"அதனாலதான் அண்ணே ஈயத்தப் போடல."

டப்பாவைத் திறந்து மூன்று குண்டுகளையும் அவன் உள்ளங்கையில் கொட்டினாள். "இது பிரையனோடது இல்ல. ஒரு வருசமா எங்க வீட்ல கிடந்துச்சு." மேசையிலிருந்த மெடலை எடுத்து அதன்மேல் வைத்தாள். "இதுவும் நீங்க வாங்கினதுதான். எங்களுக்கு வேணாம்."

"வாலண்டைன்," என்றார் ஐயாசாமி, மைக்கில். "அந்த ஈயம் உன்னோடதா?"

வாலண்டைன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விரல்களை மடக்கி நாலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டம் விலகிக் கொடுத்த வழியில் நடந்தான். ஐயாசாமி பிரையன் பேரைச் சொல்லி மேசைக்குக் கூப்பிட்டார். பிரையன் நிமிர்ந்து நடந்து போனான்.

ஷர்மைன் வாலண்டைனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் மனம் இளகிவிடுமோ என்று ஒரு வருஷமாகப் பயந்திருந்தாள். அவன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தும்வரை பார்த்தாள். இளகவில்லை.