கடைசி வரி அச்சில் வராது

இதனால் சகலரும் அறிய அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலத்துக்கு விலையின்றி வழங்கப்பட்டுவரும் எழுத்துச் செயலியின் பராமரிப்புக் குழு, பதினோரு நாள் இடைவிடாத விவாதத்துக்குப் பின், ‘சேமி’ பொத்தானின் நான்கு மூலைகளையும் சற்றே வளைப்பதென ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஏகமனதாக என்றால், கடைசிவரை சளைக்காமல் நின்ற ஒருவரின் மனதாக. மற்ற ஆறு பேருக்கும் பிழைப்பு இருந்தது.

அந்த ஆறு பேரில் ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஆள் வராத மதிய வேளைகளில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மடிக்கணினியை விரித்துவைத்து, ஒன்பது வருடமாகச் சம்பளமில்லாமல் இந்தச் செயலிக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கிறார். குழுவில் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இவரைக் கண்ணாடியார் என்பார்கள். புதுப் பதிப்புகளை வெளியிடும் பொறுப்பிலிருந்தவர் தன் முகத்துக்குப் பதிலாக ஒட்டகத்தின் படத்தை வைத்திருந்தார்; ஆகவே ஒட்டகம். பொத்தான் மூலைக்காகப் பதினோரு நாள் நின்றவர் அவர்தான்.

மூலை எக்கேடு கெட்டால் என்ன என்றிருந்தது கண்ணாடியாருக்கு. அவர் கவலை வேறு. ஓர் அட்டவணை பக்கத்தின் அடிவிளிம்பைத் தொட்டுவிட்டால், அதன் கடைசி வரி திரையில் தெரியும், காகிதத்தில் வராது. இதை முதலில் சொன்னது அவருடைய அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையமொன்றின் முன்மேசையில் வேலை. காசு கொடுத்து வாங்கும் செயலியே இருக்கட்டும் என்ற டாக்டரம்மாவிடம், என் தம்பி கை வச்சது, நம்பிப் போடுங்க என்று மல்லுக்கட்டி இதைப் போடவைத்தவள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரே ஒரு முறை கேட்டாள், கடைசி வரி ஏன்டா வரமாட்டேங்குது என்று. பார்க்கிறேன் என்றார். அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டு விசேஷங்களில் பார்க்கும்போதெல்லாம் சிரித்த முகமாய் நலம் விசாரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவரைப் போட்டு அறுத்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பயனர்கள் என்று குழு மார்தட்டிக்கொள்ளும். முகம் தெரிந்த பயனர் அவருக்கு ஒருத்திதான், அவளுக்கும் டாக்டரம்மா முன்னால் தலைகுனிவு.

கோளாறைக் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட மூன்று வருடம் பிடித்தது. திருத்தம் பதினோரு வரிதான். ஆனால் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்பாமல் சேர்க்கக் கூடாது என்று குழுவில் ஒரு விதி. ஒருமுறை ஒட்டகம் யாரையும் கேட்காமல் எதையோ சேர்த்து, ஊர்ப்பட்ட கோப்புகள் திறக்காமல் போனபோது, கோபத்தில் அந்த விதியைக் கொண்டுவந்தவர் சாட்சாத் கண்ணாடியாரேதான். அச்சுப் பகுதியைத் தொட்டுப் பழகியவர்கள் அவரும் ஒட்டகமும் மட்டும். பதினோரு வரி பதினான்கு மாதம் ஒட்டகத்தின் வாசலில் கிடந்தது. அடுத்த பதிப்புக்குக் கதவடைக்கும் நாளும் வந்துவிட்டது. அன்று விட்டால் இன்னும் ஆறு மாதம்.

விட்டுக்கொடுத்துக் கண்ணாடியார் ஒட்டகத்துக்குப் போன் போட்டார். ஒட்டகத்தின் குரல் எதிர்பார்த்ததைவிட மெலிசாக இருந்தது.

“ரூல் போட்டது நீங்கதானே கண்ணாடியாரே. பொறுமையா படிச்சுத்தானே சொல்லணும்.”

“பதினோரு வரிய பதினாலு மாசமா படிக்கறீங்க. மனப்பாடமே ஆயிருக்குமே.”

ஒட்டகம் சிரிக்கவில்லை. விதிப்படி கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்டார். இந்த மாற்றத்தால் யாருக்காவது பாதிப்பு வருமா?

“கடைசி வரி காணாமப் போறது யாருக்குய்யா வேணும்?” என்றார் கண்ணாடியார்.

கதவடைக்க அரை மணி இருக்கையில் ஒப்புதல் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் பொத்தான் மூலைகளுக்கு மூன்று பத்தி. திருத்தத்துக்கு அரை வரி. இருக்கட்டும். திங்கட்கிழமை காலை அக்காவின் நிலையத்துக் கணினிகள் தாமாகவே புதுப் பதிப்புக்கு மாறும். அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளாகப் பார்த்து அழைக்கட்டும் என்று காத்திருந்தார்.

பதினோரு மணிக்கு அழைத்தாள்.

“டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?”

“என்னக்கா, கடைசி வரி வரலியா?”

“வருதுடா. அதான் கேக்கறேன், ஏன்டா வருது?”

பிறகு அவள் மூச்சுவிடாமல் சொன்னதன் சாரம் இது. முதல் வாரமே அவர்கள் அட்டவணையின் அடியில் ஒரு வெற்று வரியைச் சேர்த்துவிட்டார்கள்; போவதானால் அது போகட்டும் என்று. பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒழுங்காக அச்சாயின. அடுத்த மாதம் யாரோ ஒருத்தி, பரிசோதனைக்கு வந்தவரைப் பற்றி அந்த வெற்று வரியில் ஒரு குறிப்பு எழுதிவைத்தாள். திரையில் தெரியும், காகிதத்தில் வராது. இதைவிட வசதி ஏது? நான்கு வருடமாக நிலையமே அந்த வரியில்தான் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது.

“ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் ரிப்போர்ட்ட சிவப்பு பேனால அடிக்கோடு போட்டுத் திருப்பி எடுத்துக்கிட்டு வந்து நிக்கறார்டா. ‘ஊசி போடறவரைக்கும் பாடம் நடத்துவார், போட்டதும் அழுவார், டோக்கன் லேட்டா குடு’ன்னு இருக்கு. அதுக்குக் கீழ கையெழுத்து டாக்டரம்மாவோடது.”

“சரிக்கா, அவர்கிட்ட ஒரு மன்னிப்பு…”

“அவர விடு. அடுத்தது டாக்டரம்மாவோட மாமியார் ரிப்போர்ட்டு. வாங்கிட்டுப் போயாச்சு.”

அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. எழுதியது யார் என்று கேட்டார். அதற்கு அக்கா, “பழைய மாதிரியே பண்ணிக் குடுடா தம்பி” என்றாள். நான்கு வருடத்தில் அவள் கேட்ட இரண்டாவது உதவி.

திருத்தத்தை எடுத்துவிடக் கேட்டதற்கு, ஒட்டகம் முறைப்படி புகாராகப் பதிவுசெய்யச் சொன்னார். கண்ணாடியார் புகார்ப் படிவத்தைத் திறந்தார். என்ன நடக்கிறது என்ற கட்டத்தில், கடைசி வரி அச்சில் வருகிறது என்று எழுதினார். என்ன நடக்க வேண்டும் என்ற கட்டத்தில், வரக் கூடாது என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் எழுதுமிடம் காட்டும் கோடு மட்டும் மின்னி மறைந்துகொண்டிருந்தது. வாசலில் ஒருவர் உடைந்த கண்ணாடிச் சட்டத்தைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

பரிசோதனை நிலையத்தில் டாக்டரம்மாவின் கார் ஓட்டுநர் பழைய பதிப்பை மறுபடி ஏற்றினார். நான்கு நிமிடம் ஆயிற்று.