மாதத்துக்கு ஒரு நல்ல தாள்

மாடிவீட்டுக்காரி தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் நடத்தினாள். பள்ளிக்கூடத்தில் படித்தால் பிள்ளைகளுக்குப் புத்தி மழுங்கிவிடுமாம். அவளும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே என்பதால் நான் மறுத்துப் பேசவில்லை.

பாடம் நடத்துவதைவிட அதை அடுக்கி வைப்பதில்தான் அவளுக்கு உயிர். கணக்குக்கு நீல ஃபைல், மொழிப்பாடத்துக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை. ஒவ்வொன்றின் முதுகிலும் வருடம் எழுதிய லேபிள்.

"எல்லாத்தையும் சேத்து வச்சா வீடே குப்பையாயிடும்க்கா. பாடத்துக்கு மாசம் ஒரு தாள். இருக்கறதுலயே நல்லது எதுவோ அது மட்டும்" என்பாள்.

மற்றதெல்லாம் என் வீட்டுக்கு வரும். நல்ல தடித்த தாள். சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரிப்பேன். விரிப்பதற்கு முன் ஒரு வரி விடாமல் படித்தும் பார்ப்பேன். கைக்கு வந்த தாளைப் படிப்பது ஒன்றும் திருட்டு இல்லையே.

மகளுக்குப் பத்து வயது. பட்டாணி என்று பெயர் வைத்தது நான்தான். படியில் இறங்கினால் சுவரில் ஒரு இடி இடிக்காமல் இறங்கமாட்டாள். இடது முழங்கையில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும்.

"மகாராணி எந்த ராஜ்ஜியத்த நெனச்சுக்கிட்டு எறங்குறீங்க?" என்பேன்.

"நான் நேராத்தான் வரேன் பெரியம்மா. சுவருதான் குறுக்க வருது."

இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கல்வி அலுவலகத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பதிவுகளைப் பார்ப்பார். திருப்தியில்லை என்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டும். முன்பு வந்தவர் டீயைக் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இந்த வருடம் புதிதாக ஒரு பெண் அதிகாரி. டீயே வேண்டாம் என்றாளாம். அப்போதே எனக்குப் பகீர் என்றது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் மேலே போய் வாசற்படியில் நின்றுகொண்டேன்.

அதிகாரி மூன்று ஃபைலையும் கடைசிவரை புரட்டினாள்.

"ஒரு தப்புகூட இல்லையேம்மா."

"ஆமாங்க மேடம்." மாடிவீட்டுக்காரிக்கு முகமெல்லாம் பல்.

"அதனாலதான் கேக்குறேன். தப்பே பண்ணாம எந்தப் புள்ளம்மா படிக்கும்? இது அவ போட்ட கணக்கா, நீங்க சொல்லச் சொல்ல எழுதினதா? எங்க, அவளக் கூப்பிடுங்க."

பட்டாணி உள்ளே தலைவலி என்று சுருண்டு படுத்திருந்தாள். அந்த மாதத்தில் அது நாலாவது தலைவலி. படிப்பிலிருந்து தப்பிக்கும் வித்தை என்று நானும் அவள் அம்மாவும் பேசிக்கொண்டதுண்டு.

"சரி, தூங்கட்டும். அடிச்சது, திருத்தினது, கிறுக்கினது எல்லாத்தையும் திங்கக்கிழமைக்குள்ள எடுத்து வைங்க. இல்லேன்னா ஸ்கூல்ல சேக்கச் சொல்லி எழுதிடுவேன்."

அவள் போனதும் மாடிவீட்டுக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேனேக்கா! எம்புள்ளயக் கூட்டிட்டுப் போயிடுவாங்களே!"

"எங்க போட்ட? என் உப்பு டப்பாவுக்கு அடியிலதானே போட்ட? எழுந்து வாடி" என்றேன். ஆபத்துக்கு உதவுகிற பெருமை எனக்குத் தாங்கவில்லை.

டப்பாக்களை இறக்கித் தாள்களை உரித்தோம். எண்ணெய் வட்டம், கரப்பான் முட்டை, ஒட்டிக்கொண்ட பருப்பு. தொண்ணூறு தாளுக்கு மேல் தேறியது. ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் சிவப்பு மையில் தேதி போட்டிருந்தாள். அந்த ஒழுங்கு மட்டும் அவளுக்கு எந்தத் தாளிலும் தப்பாது. என் கூடத்துத் தரையில், ஜன்னலிலிருந்து வாசல்வரை, தேதிவாரியாகப் பரப்பினாள்.

முதலில் குதூகலம்தான். "பாருங்கக்கா, ஒரு வகுத்தலுக்கு எத்தன அடி! அந்த மேடம் மூஞ்சில கொண்டுபோய் வைக்கணும்."

பாதிக் கூடம் தாண்டியதும் அவள் கை நின்றுவிட்டது.

ஜன்னல் பக்கத்துத் தாள்களில் வரிகள் இடது ஓரத்திலேயே தொடங்கின. கூடத்தின் நடுவில் நாலு விரற்கடை தள்ளி. வாசலுக்குப் பக்கத்தில், பட்டாணி தாளின் நட்ட நடுவிலிருந்துதான் எழுதியிருந்தாள். இடது பாதி வெறுமை. அந்த வெறுமையில் என் கையெழுத்து: சோப்பு, தீப்பெட்டி, பல்பு, கொசுவத்தி. கடைக்குப் போக நான் எழுதிய பட்டியல்கள். பாதித் தாள் காலியாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சிவப்பு மையும் இருந்தது. 'ஓரத்திலிருந்து தொடங்கு.' 'தாளை வீணாக்காதே.' ஒன்றில் வெறுமனே, 'சோம்பேறி.'

"ஃபைல்ல இருக்கற தாளெல்லாம் ஒழுங்காத்தானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு நான் பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வரிக்கும் அவ கையப் புடிச்சு ஓரத்துல வச்சு விடுவேங்க்கா."

எழுந்து மாடிக்கு ஓடினாள். நானும் ஓடினேன். படுக்கையில் உட்கார்ந்திருந்த பட்டாணியின் இடப்பக்கம் பேனாவை நீட்டினாள்.

"இது என்னன்னு சொல்லு, கண்ணு."

"எதும்மா?"

பேனாவை மெதுவாக நகர்த்தினாள். மூக்குக்கு நேராக வந்த பிறகுதான் பிள்ளை சிரித்தது. "பேனா. இதுகூடத் தெரியாதாம்மா உனக்கு?"

ஆஸ்பத்திரியில், எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். மாடிவீட்டுக்காரி எண்ணெய்க்கறை படிந்த தாள்களை நீட்டினாள். அவர் கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"இங்க ஆரம்பிக்குது. பதினாலு மாசம்."

"அப்பவே வந்திருந்தா?"

"அப்ப மூளைல கட்டி சின்னதா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அறுவை நடந்தது. முழுதாக எடுக்க முடியவில்லை. இடப்பக்கப் பார்வை திரும்பவில்லை. மீதியைப் பற்றி மாதத்துக்கு ஒரு படம் எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்களாம். கல்வி அதிகாரி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்து, வீட்டிலேயே படிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மாடிவீட்டுக்காரி அந்தக் காகிதத்தை எந்த ஃபைலிலும் வைக்கவில்லை. இரண்டாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இப்போது பட்டாணி கிறுக்குகிற துண்டுத் தாளைக்கூட அவள் வெளியே விடுவதில்லை. கட்டிலுக்கடியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. என் அலமாரி வெறும் பலகையாகக் கிடக்கிறது.

போன வாரம் அதைத் துடைத்தேன். சர்க்கரை டப்பா இருந்த மூலையில் ஒரு தாள், பிசுக்கில் ஒட்டிப்போய், அன்று உரிக்காமல் விட்டது. தேதி பார்த்தேன். டாக்டர் விரல் வைத்த தாளுக்கும் ஐந்து மாதம் முந்தியது. வரிகள் இரண்டு விரற்கடை தள்ளித் தொடங்கியிருந்தன. அந்த இரண்டு விரல் இடத்தில், நான்தான், நெருக்கி நெருக்கி: உப்பு, ஊசி, நூல்.

தெருவில் யார் வீட்டு விஷயமும் என் வாயில் அரை நாள் தங்கியதில்லை. மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. சர்க்கரை டப்பாவை எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தேன்.