பச்சைத் துண்டுக்கு ஓர் இடம்

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதில் இனிகோவை மிஞ்ச மேட்டுப்பட்டியில் ஆள் கிடையாது. பஸ் வந்து நிற்பதற்கு முன்பே எட்டி எறிவார். துண்டு ஜன்னலோர சீட்டில் போய் விழும். தோல் பதனிடும் ஷாப் வேலையை விட்டு நின்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்ட மனிதருக்குப் பெருமைப்பட இந்த மாதிரி ஒன்றிரண்டுதான் மிச்சம்.

வியாழக்கிழமை தவறாமல் அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போவார். ஆடு வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அங்கே முன்பின் தெரியாதவர்கள்கூட, “என்னண்ணே, கெடா பாக்குறீகளா?” என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பஸ் ஏறுவது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, “சாப்டியாப்பா?” என்பாள். இவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் அங்கே குக்கர் விசில் அடித்துவிடும்.

அன்று காலையிலும் பச்சைத் துண்டை எறிந்தார். பக்கத்து சீட்டில், ஆடு கட்டுகிற கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்திருந்த ஒருவர், “நீங்க டீ குடிச்சுட்டு வாங்க, நான் பாத்துக்கறனுங்க” என்றார். பேச்சைக் கேட்டாலே பழனிப் பக்கம் என்று தெரிந்தது. இனிகோ நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

டீ மாஸ்டர் சும்மா இருக்காமல், “மக வந்துச்சாண்ணே?” என்று கேட்டுவைத்தார். மூன்று நாளாக யாரும் எதுவும் கேட்காத மனிதரிடம் அப்படிக் கேட்கலாமா? பேத்தியின் பள்ளிக்கூடம், மருமகனின் ஷிப்டு, கோயம்புத்தூர்த் தண்ணீர் என்று இனிகோ சொல்லி முடித்துத் திரும்பியபோது பஸ் போய்விட்டிருந்தது. துண்டும் போயே போச்சு.

அடுத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் நின்றார். வடமதுரை வருவதற்கு முன்னால் அந்தப் பஸ் கண்ணில் பட்டது. துண்டு கிடைத்துவிடும் என்று நினைத்த நேரத்தில்தான், நாலுவழிச் சாலையின் நடு இடைவெளியில் ஒரு டிப்பர் லாரி நிற்காமல் திரும்பியது. பஸ்ஸின் வலது விலாவில் மோதியது. கண்ணாடி கொட்டிய சத்தம் இந்தப் பஸ் வரைக்கும் கேட்டது. அந்தப் பஸ் தள்ளாடிப் போய் ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து நின்றது.

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். இனிகோ இறங்கி அந்த ஜன்னலைத் தேடினார். வலது பக்கம், நாலாவது ஜன்னல். அவர் பிடித்த இடம் அவருக்குத் தெரியாதா? அங்கே தகரம் மடங்கி உள்ளே போயிருந்தது. சீட் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. நான் அதில் இருந்திருந்தால் என்று நினைத்தார். அடுத்து வந்த நினைப்பு அதைவிட மோசம். இருந்திருந்தால்தான் யாருக்கு என்ன? மகள் அழுவாள், பாவம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, மனுசன் ஊருக்குப் போயிருப்பார் என்பார்கள்.

பள்ளத்திலிருந்து குரல் கேட்டது. நெற்றியில் ரத்தம் வழிய, கையில் ஆட்டுக் கயிற்றோடு ஒருவர் பஸ்ஸை விட்டு நகர மறுத்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார், அவர் திமிறுகிறார்.

“இன்னொரு ஆளு உள்ள இருக்காருங்க. கூட்டத்துல பின்னால ஏறி நிக்கறாராட்ட இருக்குன்னு நெனச்சு, எடத்தப் புடிச்சே வச்சிருந்தனுங்க. ஒருத்தரையும் உக்கார உடலீங்க. சீட்டுக்கு அடியில பாருங்க. பச்சைத் துண்டுக்காரருங்க.”

அந்தப் பச்சைத் துண்டுதான் அவருடைய தலையில் கட்டாக இருந்தது.

“அந்த எடத்துக்கு நான் ரெண்டு தடவ சண்டை போட்டேன்” என்று அதே பஸ்ஸில் வந்த ஓர் ஆட்டு வியாபாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் முகம் வெளுத்துக் கிடந்தது.

இனிகோ கிட்டே போனார். “அது நாந்தாங்க. பஸ்ஸ விட்டுட்டேன்.”

கயிற்றுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு டீ குடிக்க இத்தன நேரமுங்களா?” என்று கோபித்துக்கொண்டார். பெயரைக் கேட்டதற்குப் பெருமாள்சாமி, நெய்க்காரப்பட்டி என்றார். மூச்சு வாங்கியதும், “ஊட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிருங்க. தேடுவாங்க” என்றார்.

“என்னையத் தேட யாருங்க இருக்கா?”

“அப்ப நான் இத்தன நேரம் யாரைங்க தேடுனேன்?”

இனிகோவுக்கு அழுகை வந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், அத்தனை பேர் பார்க்க, ரோட்டோரத்தில் நின்று அழுதார். மனைவி போன நாலு வருசமாகச் சர்ச் பூசையில் வாய் மட்டும் முணுமுணுத்த நன்றி அன்றைக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. உயிரோடு வைத்தாயே ஆண்டவரே, அது போதும் என்று சொல்லிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. பெருமாள்சாமியை ஏற்றிவிட்டு, “இவருகூட வாரது யாரு?” என்று கேட்டார்கள்.

“நாந்தான்” என்ற இனிகோ, அந்தக் கயிற்றை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.