சுவரைப் பார்த்துப் போட்ட ஓட்டு

முதலாளி தன் கையாலேயே படத்தைத் திறந்து வைக்கப் போகிறாராம். சங்க அறையில் இதைச் சொன்னபோது மாப்பிள்ளையின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பாய்லர்காரரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படத்தில் இருப்பவள் பாய்லர்காரரின் பெண்டாட்டி. அந்தச் சலவை ஆலையில் 'இடி' என்றால்தான் அவளைத் தெரியும். ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்துக் கை வெந்துபோன பெண்களைத் திரட்டி, முதலாளியின் காரை வாசலிலேயே மறித்தவள். கையுறையும் வாராந்தர லீவும் அவள் வாங்கிக் கொடுத்தவை. போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். இப்போது அதே முதலாளி, கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தோடு வருகிறார். வரவிடலாமா கூடாதா என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

சங்கச் செயலாளர் பாய்லர்காரரின் மாப்பிள்ளைதான். நல்ல பிள்ளை. ஆனால் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாமல் பேசுவான். அப்படிப் பேசுகிற எவனையும் பாய்லர்காரர் நம்பியதில்லை. அன்றைக்கு வாசலில் நின்று கத்தினோம், இன்றைக்கு அவரே நம்மைத் தேடி வருகிறார், அத்தை சம்பாதித்த மரியாதை இதுதான் என்றான் மாப்பிள்ளை. துணி மடிக்கும் மூத்தவள் ஒருத்தி, இடி கேட்டது கையுறையை, மரியாதையை யார் கேட்டார்கள் என்று வெட்டினாள். துணி உலர்த்துகிறவன் எழுந்தான். அந்தச் சண்டைக்குப் பிறகுதானே முதலாளி மெஷின் வாங்கிப் போட்டு என் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார், அதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றான். யாரும் அவன் வாயை அடக்கவில்லை. அவன் சொன்னதும் நிஜம்தானே.

பாய்லர்காரர் எழுந்தார்.

"மாப்பிள்ளை, புலி உசிரோட இருந்தப்ப அந்தாளு இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்ல. இப்பத் தோல மாட்டுறதுக்கு ஆணியோட வர்றாரு."

"நீங்க யாரைத்தான் நம்பினீங்க, மாமா? கல்யாணத்துக்கு முந்தி என்னையே பத்துப் பேர்கிட்ட விசாரிச்சீங்க."

"இன்னும் விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன்."

அறையே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்துவிட்டு, வரட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றான். கதவோரம் சூப்பர்வைசர் சாய்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் கைகள் மேலே போயின.

எல்லாரும் கையை இறக்குங்கள் என்றார் பாய்லர்காரர். சூப்பர்வைசரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இடியின் வழக்கம் வேறு. எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் கை தூக்க வேண்டும். அடுத்தவன் கையைப் பார்த்துத் தூக்கினால் அது ஓட்டில்லை, தொத்து வியாதி என்பாள். எண்ணுவது மட்டும் ஒருவர், அதுவும் இருப்பவர்களிலேயே பெரிய பிடிவாதக்காரர். தானே எண்ணித் தோற்றவன் அப்புறம் கள்ள ஓட்டு என்று கத்த முடியாதாம்.

பிடிவாதக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாரும் திரும்பினார்கள், மாப்பிள்ளையும்தான். பாய்லர்காரர் முதுகுகளுக்குப் பின்னால் நடந்தார். இஸ்திரிக்காரிகள் வரிசையில் முதலில் உயர்ந்து நின்றது அவர் மகளின் கை. அவருக்குச் சுருக்கென்றது. மறுபடி எண்ணினார். இரண்டு மூன்று கைகளை விழுங்கினால் போதும், முதலாளி வரமாட்டார். பார்க்க ஒரு கண்ணும் இல்லை. படுபாவி, செத்தும் என் கையைக் கட்டிப் போட்டிருக்கிறாளே என்று பல்லைக் கடித்தார்.

"திரும்புங்க. வரட்டும்னவங்கதான் அதிகம்."

மாப்பிள்ளைக்கே நம்பிக்கை வரவில்லை. "நெசமாவா, மாமா?"

"அவ சங்கத்துல ஓட்டைத் திருட நான் என்ன முதலாளியா? வரட்டும். ஆனா அந்தாளு பேசி முடிச்சதும் நான் பேசுவேன். அவ காரை எதுக்கு மறிச்சான்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன்."

"அதுக்காகத்தாம்பா வரட்டும்னு கை தூக்கினேன்" என்றாள் மகள். "வாசல்ல வெச்சுச் சொன்னா அவர் கார்க் கண்ணாடிய ஏத்திக்குவாரு. இங்க வந்தா எங்க போவாரு?"

பாய்லர்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, முதலாளியின் நாற்காலியைக் கதவுக்குத் தூரமாகப் போடச் சொன்னார்.