மருந்தடித்த தேதி

தம்பிக்கு அக்கா வீட்டில் ஒரு சட்டை உண்டு. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஏற்றுமதிக்குப் போகும் பழங்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற அதிகாரி அவன். அந்த வட்டாரத்துக்கே அவன் ஒருத்தன்தான். அக்கா வீட்டுத் திராட்சையைப் பார்க்க வரும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டான். வேலை முடிந்ததும் அலுவலகச் சட்டையைக் கழற்றி ஆணிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டைப் போடு என்று உட்காருவான். சட்டை மாறினதும்தான் மச்சானுக்குப் பசியே எடுக்கும் என்று அவள் புருஷன் கேலி பண்ணுவான்.

தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அவன் மட்டும்தான்.

மருந்துப் புத்தகம் எழுதுவது அவள் வேலை. கொடிக்கு எந்த நாளில் எந்த மருந்து அடித்தார்கள் என்று அதில் இருக்க வேண்டும். கடைசி மருந்துக்கும் பறிப்புக்கும் நடுவில் முப்பது நாளாவது போயிருக்க வேண்டும். ஆனால் அன்றன்றைக்கு எழுதுகிற வீடு எதுவும் கிடையாது. மருந்தடித்த நாளில் புருஷன் சுவர்க் காலண்டரில் ஒரு சுழி போட்டு வைப்பான். அதிகாரி வருவதற்கு முன் அவள் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, சுழிகளைப் பார்த்து, ஐந்து மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவாள். நீலப் பேனா கொஞ்சம், கறுப்புப் பேனா கொஞ்சம். தேதியெல்லாம் உண்மை. மைதான் பொய்.

இந்த வருஷம் புத்தகம் போய், எல்லாம் போனுக்கு வந்துவிட்டது. பெட்டி அடுக்க வந்த பெண்களிடம் புருஷன் பெருமையடித்துக்கொண்டான். "எட்டாவதோட நின்னவதான். ஆனா எங்க சான்றிதழ் மொத்தமும் அவ விரல்லதான் இருக்கு."

வழக்கம்போல ஒரு மத்தியானம்தான் உட்கார்ந்தாள். ஒன்பது மருந்து. பெயர், அளவு எல்லாம் சரியாகத் தட்டினாள். கீழே ஒரு சின்னக் கட்டத்தில் தேதி தானாகவே விழுந்திருந்தது. கடிதத்தின் தலையில் போடுகிற தேதி மாதிரி, எழுதுகிற நாள் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

பறித்து, அடுக்கி, குளிரறையில் ஏற்றிய பிறகு தம்பி வந்தான். தன் போனில் தோட்ட எண்ணைத் தட்டினான். திரை சிவந்தது. மூன்று நாளைக்கு முன்னால், ஒரே நாளில், ஒன்பது மருந்தும் அடித்ததாக இருந்தது. சான்றிதழ் பூட்டிக்கொண்டது.

தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். "புத்தகமா இருந்தா தப்பை அடிச்சுட்டுப் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டிருப்பேன்க்கா. இதுல என் கை நுழையாது." திருத்தம் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம். பதில் வர மூன்று வாரம். கப்பல் நாளை மறுநாள்.

புருஷன் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்து, பெட்டிகளைக் கிளப்பலாமா என்று கேட்டான். அடுக்குகிற பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அப்போது அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தம்பி அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"நான்தான் நிறுத்தி வெச்சேன், மாமா. பதிவு எனக்குத் திருப்தியா இல்ல."

புருஷன் முதலில் சிரித்தான். சட்டையை மாத்திட்டு வந்து பேசுடா என்றான். தம்பி மாற்றவில்லை. அதற்குப் பிறகு பெட்டி அடுக்கும் அந்தக் கொட்டகையில் பேசியதெல்லாம் ஒருத்தர் இன்னொருத்தரை ஆயுசுக்கும் மன்னிக்க முடியாத பேச்சு. என் வாசப்படியை மிதிக்காதே என்று புருஷன் அவனிடம் சொன்னான். உனக்கும் இனிப் பிறந்த வீடு கிடையாது என்று அவளிடம் சொன்னான்.

பழத்தின் மேல் தானாகப் படியும் வெள்ளைப் பொடி கலையக் கூடாதென்று காம்பை மட்டும் பிடித்து அவள் அடுக்கிய குலைகள். ஜூஸ் கம்பெனி லாரியில் அவற்றை மண்வெட்டியால் அள்ளிப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் அவளால் தாங்க முடியவில்லை. தேதியைத் தப்பாப் போட்டது நான்தான் என்று புருஷனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. தம்பிக்காக நீ கொலையைக்கூட ஒத்துக்கொள்வாய் என்றான். அவள் போனைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு மருந்துக்குக் கீழேயும், பதிவு செய்தவர் என்று புருஷன் பெயர்தான் இருந்தது. தோட்டமும் போன் நம்பரும் அவனுடையவைதானே.

"பாரு, என் பேரு. நானா போட்டேன்? உள்ள பூந்து மாத்த உன் தம்பிய விட்டா வேற யாருக்கு முடியும்?"

அவள் போன வருஷத்துப் புத்தகத்தை எடுத்து வந்து பிரித்தாள். பக்கம் பக்கமாக அவளுடைய சாய்ந்த எழுத்து. இப்படித்தான், இதே மாதிரி ஒரே நாளில்தான் போட்டேன் என்றாள். அவன் இரண்டு பக்கம் புரட்டினான். "இது போன வருஷம்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "தேதிக் கட்டத்தைத் தொட்டா காலண்டர் திறக்கும்க்கா. அதுல மருந்தடிச்ச நாளைத் தொடு." வேறொன்றும் இல்லை. அவள் தொட்டுப் பார்த்தாள். திறந்தது.

அன்றைக்கு ஆணிச் சட்டையை எடுத்துத் துவைத்தாள். காய்ந்ததும் மடித்து ஒரு பையில் வைத்தாள். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று தெரியவில்லை. மறுபடியும் பிரித்து, அதே ஆணியில் மாட்டினாள்.