பாயச வாளி

வேனிலிருந்து இறங்கியதும் செங்கமலம் கலையரசியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

“கல்யாண வூட்டுக்கு வந்திருக்கியா, எழவு வூட்டுக்கு வந்திருக்கியா? எறங்கும்போதே இந்த மூஞ்சி!”

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த வேன் அது. எல்லாப் பெண்களுமே விடிகாலையில் எழுந்த முகத்தோடுதான் இருந்தார்கள். ஜோதி வழி முழுக்க வாய் திறந்து தூங்கிவிட்டு, கன்னத்தில் சீட்டுக் கோடு பதிய இறங்கினாள். புவனேஸ்வரி படியிலேயே நின்று கொட்டாவி விட்டாள். அவர்களைச் செங்கமலம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டாள். செங்கமலத்தின் வாய் நாளின் முதல் ஏச்சைக் கலையரசிக்கென்றே எடுத்து வைத்திருக்கும்.

கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் பெண்களை அழைத்துப் போவதுதான் செங்கமலத்தின் தொழில். அரக்கு நிறப் புடவை, மஞ்சள் கரை, தலையில் ஒரே அளவாகப் பூ. யார் எதைப் பரிமாற வேண்டும் என்பதை மண்டபத்தின் பின்கட்டில் நின்று அவள்தான் சொல்வாள். இனிப்பும் பாயசமும் பரிமாறுகிறவளுக்குத்தான் மரியாதை. வீடியோக்காரன் அவள் பக்கம்தான் விளக்கைத் திருப்புவான். சாம்பார், ரசம், பொரியல் எல்லாம் நடுத்தரம். தண்ணீர் அதற்கும் கீழே. எல்லாவற்றுக்கும் கீழே எச்சில் இலை எடுப்பது. புடவை தெரியாமல் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டி, பச்சைக் கையுறை மாட்டி, இலைகளைப் போடும் பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இலை எடுக்கும் வேலை ஆளுக்கு ஒரு நாள் என்றுதான் பேச்சு. ஆனால் போன ஆவணியிலிருந்து எந்த முகூர்த்தமானாலும் அது கலையரசியின் வேலையாகவே இருந்தது. ஏன் என்று அவளும் யோசித்துப் பார்த்துவிட்டாள். எதிர்த்துப் பேசியதில்லை. நேரம் தவறியதில்லை. ஒருவேளை எதிர்த்துப் பேசாததுதான் காரணமோ என்னவோ.

பாயசம் சிவரஞ்சனிக்கு. எப்போதும் சிவரஞ்சனிக்கு.

அதுதான் கலையரசிக்கு நெஞ்சில் தைத்த முள். சிவரஞ்சனி அதே தெருக்காரி, நாலு வீடு தள்ளி. புருஷன் திருப்பூர் போய்விட, சும்மா உட்கார்ந்திருந்தவளை, “வாடி, நான் போற வேலைக்கு நீயும் வா” என்று கையைப் பிடித்து அழைத்து வந்ததே கலையரசிதான். புடவைக்கு எப்படி மடிப்பு வைப்பது, இலையில் எதை எந்தப் பக்கம் வைப்பது, குனியும்போது முந்தானை சாம்பாரில் விழாமல் எப்படிச் செருகுவது, எல்லாம் இவள் சொல்லிக் கொடுத்ததுதான். வந்த மூன்றாவது கல்யாணத்திலேயே செங்கமலம் வாளியை அவள் கையில் கொடுத்துவிட்டாள். அவள் தாமதமாக வந்தால், “வாம்மா ரஞ்சனி, சாப்ட்டியா?” கலையரசி வந்தால், “வந்துட்டா மகாராணி.” அவள் டம்ளரைத் தட்டிவிட்டால் சிரிப்பு. இவள் தட்டிவிட்டால் அன்று முழுக்க அதே பேச்சு. சிவரஞ்சனி சிரித்தால் அறையில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும் என்பது கலையரசிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எரிந்தது.

இன்றைக்கு மட்டும் அந்த வாளி அவளுக்கு வேண்டும். இன்றைக்கு ஒரு நாள் போதும்.

கல்யாணப் பெண் வேறு யாருமில்லை, அவள் மகள் அனிதாவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கும் மிஸ். வகுப்பே திரண்டு வருகிறது. “அம்மா, நீ வர்ற கல்யாணந்தாம்மா! நீ பரிமாறறப்ப நான் என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எங்கம்மான்னு சொல்வேன்” என்று அனிதா நேற்று குதித்தாள். அம்மா பரிமாறுகிறாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கலையரசி வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள்.

பின்கட்டில் செங்கமலத்தின் அருகில் போய் நின்று, வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னாள்.

“அக்கா, இன்னிக்கி ஒரு நாள் எனக்கு வேற எதாச்சும் குடுங்க. எம் பொண்ணு வருது, படிக்கிற புள்ளைங்களோட.”

செங்கமலம் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தாள். “ஓகோ! அப்ப மேடையில மாப்ள பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு ஒன்ன ஒக்கார வச்சிரலாமா?”

பெண்கள் சிரித்தார்கள். சிவரஞ்சனி சிரிக்கவில்லை. அதையும் கலையரசி கவனித்தாள். சிரித்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

ஏப்ரன் கட்டிக்கொண்டிருந்தபோது சிவரஞ்சனி மெதுவாக வந்தாள். “யக்கா, அனிதா ஒக்கார்ற பந்தியில நீங்க வாளியப் புடிங்க. நான் டப்ப எடுத்துக்கறேன். செங்கமலக்கா டீ குடிக்கப் போறப்ப மாத்திக்குவோம். யாருக்குத் தெரியப் போவுது?”

சரி என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தாள். மை கலையாத கண், அளவாக வைத்த பூ. நான் கொண்டுவந்து விட்டவள் எனக்கே ஒரு பந்தியைத் தானமாகக் கொடுக்கிறாள்.

“நீ குடுத்து நான் வாங்கணுமாக்கும்? போடி, போயி ஒன் வேலையப் பாரு.”

சிவரஞ்சனி வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது பந்திக்கு அனிதா வந்தாள். ஐந்தாறு பெண்கள், ஒரே கூச்சல். கலையரசி சமையல்கட்டு வாசலில் தூணோடு ஒட்டி நின்றுகொண்டாள். சிவரஞ்சனி பாயசத்தோடு போனதும் அனிதாவின் குரல் கேட்டது. “ஏய், இது எங்க தெரு அக்காடி!”

“எவ்ளோ அழகா இருக்காங்க!” என்றாள் ஒருத்தி.

“எங்கம்மா எங்க இருக்காங்கக்கா?” என்றாள் அனிதா.

“உள்ள பாயசம் எடுத்து ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்காங்கடா. அவங்க குடுக்கலன்னா எங்களுக்குக் கையே ஓடாது.”

அனிதாவின் முகம் மலர்ந்தது. கலையரசிக்கு உள்ளே என்னவோ கசந்தது. என் மகளிடம் என்னைக் காப்பாற்றிக் கொடுக்கவும் இவளா?

அப்போதுதான் செங்கமலம் கூப்பிட்டாள். “ஏ கலை! எங்க ஒளிஞ்சிருக்க? எதுத்த வரிசைய எடு. ஆளுங்க நிக்கறாங்க பாரு.”

எதிர் வரிசை அனிதாவின் வரிசைக்கு முன்பே உட்கார்ந்தது. பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். காலி நாற்காலிக்குப் பின்னால் ஒவ்வொருவராக இடம் பிடித்து நின்றார்கள். கலையரசி தலையைக் குனிந்துகொண்டு டப்பை இழுத்துப் போனாள். முதுகில் அனிதாவின் பார்வை பட்டதை அவள் திரும்பாமலே உணர்ந்தாள். கூச்சல் சட்டென்று நின்றிருந்தது.

மேஜை நெடுக ஒரே நீளக் காகிதம் விரித்து அதன் மேல்தான் இலை போடுவார்கள். எல்லோரும் எழுந்த பிறகு காகிதத்தோடு சேர்த்து இலைகளைச் சுருட்டி டப்பில் தள்ளினால் வேலை முடிந்தது. ஆனால் மறுகோடியில் ஒரு பெரியவர் இன்னும் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அங்க ஒருத்தரு சாப்புடறாருக்கா” என்றாள், பின்னாலேயே வந்த செங்கமலத்திடம்.

“அவரு எந்திரிச்சிருவாரு. சுருட்டுன்னா சுருட்டு.”

சுருட்டினாள். நடுவில் கிழியும் என்று நினைத்த காகிதம் கிழியவில்லை. மறுகோடிவரை அப்படியே நகர்ந்தது. பெரியவரின் கை சாதத்தில் இருக்கும்போதே இலை அவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போனது. மோர் அவர் வேட்டியில் வழிந்தது.

அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் சாமிதுரை. எழுந்து நின்றார். “கை வச்சிருக்கிற எலைய இழுக்கறீங்களே, இதுக்குப் பேரு விருந்தா? எங்கள எழுப்பி விடத்தான் ஜெயங்கொண்டத்துலேர்ந்து வரச் சொன்னீங்களா?”

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெண் வீட்டார் இருவர் ஓடி வந்தார்கள். செங்கமலம் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டாள்.

“மன்னிச்சிக்கங்கய்யா! இவளுக்கு எத்தன தடவ சொன்னாலும் ஏறாது. சாப்புடறவங்க எந்திரிக்காம எலையில கை வைக்காதடின்னு இப்பக்கூடச் சொன்னேன். மாடு மாதிரி நிக்கறா பாருங்க!”

கலையரசி நிமிர்ந்தாள். எதிரே அனிதா, சாப்பிட்ட கையோடு பாதி எழுந்து நின்றிருந்தாள். ‘நீங்கதானேக்கா சுருட்டச் சொன்னீங்க.’ அவ்வளவுதான், சின்ன வாக்கியம். அது கலையரசியின் வாயில் முழுதாக வந்து நின்றது. உதட்டைத் திறந்தாள்.

“நீங்கதானேக்கா சுருட்டச் சொன்னீங்க.”

குரல் சிவரஞ்சனியுடையது. வாளியோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். “இந்தக்கா வேணான்னுதான் சொன்னாங்க. நான் பக்கத்துலதான நின்னேன்.”

சாமிதுரை செங்கமலத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கலையரசியைப் பார்த்து, “நீ போம்மா, ஒம்மேல தப்பில்ல” என்றபடி வேட்டியை உதறிக்கொண்டு கைகழுவப் போனார். அனிதாவின் கண் சிவரஞ்சனியை விட்டு அகலவில்லை. மகள் தன்னை அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் கலையரசி ஆசைப்பட்டிருந்தாள். இத்தனை மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அந்த ஒரு வாக்கியமாவது எனக்கு இருந்திருக்கக் கூடாதா? அதையும் இவளே எடுத்துக்கொண்டாளே!

பின்கட்டில் செங்கமலம் சிவரஞ்சனியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினாள். “வாய் நல்லா வேலை செய்யுதுல்ல? கையும் செய்யட்டும். க்ளவுஸ மாட்டு. இனிமே எல எடுக்கறது நீதான்.” வாளியைக் கலையரசியிடம் நீட்டினாள். “இந்தா. இதுக்குத்தான அழுத? போ.”

வாங்காமல் இருந்திருக்கலாம். அப்படித் தோன்றியது, கை நீண்டு வாளியைப் பிடித்த பிறகு. ஏப்ரனைக் கழற்றும்போது சிவரஞ்சனி அதை வாங்கிக் கட்டிக்கொண்டாள். “பூ சரிஞ்சிருக்குக்கா” என்று சொல்லிக் கலையரசியின் பூவைச் சரியாக வைத்துவிட்டாள். கலையரசியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் எரிச்சல் போகவுமில்லை.

அடுத்த பந்தி உட்கார்ந்தது. கலையரசி வாளியோடு வரிசையில் நுழைந்தாள். வீடியோ விளக்கு அவள் மேல் விழுந்தது. அரக்குப் புடவை மின்னியது. கைகழுவும் இடத்துப் பக்கம் பார்த்தாள். அனிதாவின் தோழிகள் துப்பட்டாவில் கை துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குள் அனிதா இல்லை.

அந்தக் கோடியில், நிறைந்த டப்பை இழுக்க முடியாமல் சிவரஞ்சனி திணறிக்கொண்டிருந்தாள். டப்பின் இன்னொரு பக்கத்துக் கைப்பிடியைக் குனிந்து பிடித்தாள் அனிதா, பட்டுப் பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு. சிவரஞ்சனி வேண்டாம் என்று என்னவோ சொல்வதும், அனிதா தலையாட்டிச் சிரிப்பதும் தெரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள்.

“அம்மா, இங்க கொஞ்சம்…” என்றது ஒரு குரல்.

இலையில் ஒருவர் பாயசத்துக்காகக் கையால் அணை கட்டி வைத்துக் காத்திருந்தார். கலையரசி கரண்டியை வாளியிலிருந்து எடுத்தாள். டப்பைத் தூக்கிக்கொண்டு இருவரும் பின்வாசல் வழியாகப் போனார்கள். ஸ்பிரிங் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தது. திறக்கும்போதெல்லாம் வெளியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கரண்டி இலைக்கு மேலேயே நின்றது.